உப்புத் தரை

"இந்த வெள்ளையெல்லாம் பனிதானே புள்ள?"

நாகலெட்சுமி மடிக்கணினித் திரையில் விரலை வைத்துக் கேட்டார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். விரலில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை.

"ஆமா மாமி, பனிதான்" என்றாள் மருமகள் கிருஷாந்தி. சொல்லும்போதே நெஞ்சு குறுகுறுத்தது.

லிந்துலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ ஒரு வறண்ட தேசத்து மலைகளில் எவ்வளவு பனி கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கண்டியிலிருக்கும் ஒரு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை அனுப்பும். படத்தில் தெரியும் வெள்ளை நேற்றும் இன்றும் ஒரே இடத்தில் கிடந்தால் பனி, நகர்ந்திருந்தால் மேகம். அப்படிப் பிரித்துக் குறித்து, போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தை அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மலையடிவாரத்து ஆப்பிள் தோட்டத்தில்தான் அவள் கணவன் வினோஜன் மூன்று வருடமாக வேலை பார்க்கிறான்.

மழையை நம்ப முடியாத ஊர் அது. மலைப்பனி உருகி வாய்க்காலில் வந்தால்தான் தோட்டத்துக்குத் தண்ணீர். பனி பொய்த்தால் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வினோஜனே தொலைபேசியில் சொல்லியிருந்தான். இங்கே அவன் கட்டத் தொடங்கிய புது வீடு கூரை இல்லாமல் நிற்கிறது.

ஆட்களை அனுப்பிவிடுவார்கள் என்று கேட்ட நாளிலிருந்து மாமியார் விரதம் பிடித்துக்கொண்டார். மீன் இல்லை, கருவாடு இல்லை. வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயில். வேலைவிட்டு வந்ததும் முதல் கேள்வி, "பனி எப்படி புள்ள?"

அந்தக் கேள்விக்குப் பயந்தே கிருஷாந்தி பொய் சொல்லப் பழகினாள். இந்த வருடம் மலை வெறும் பாறையாகக் கிடந்தது. அடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று ஓர் உப்புத் தரை உண்டு. அதைக் காட்டி, "நல்லா விழுந்திருக்கு மாமி" என்பாள். மாமியார் பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

இன்றும் அதே பெருமூச்சு.

"சரி புள்ள, நான் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போறேன். எனக்குச் சோறு வைக்காத. இனிமே ஒரு வேளதான்."

கிருஷாந்தியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஏற்கெனவே அந்த மனுஷி பாதியாக இளைத்துப்போயிருந்தார்.

"இருங்க மாமி. நான் பொய் சொல்லிட்டேன். அது பனி இல்ல, உப்பு."

"உப்பா?"

"உப்பு பூத்த தரை மாமி. மலையில பனியே இல்ல. பருவமும் முடிஞ்சிருச்சு, இனிமே விழாது. காலையில அவரு பேசுனாரு. அடுத்த மாசம் எல்லாரையும் ஊருக்கு அனுப்புறாங்களாம். நீங்க வவுத்தக் காயப்போட்டு விரதம் இருக்கீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

பேச முடியாமல் அழுதுவிட்டாள். நாகலெட்சுமி மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசமாவா புள்ள? ஒரு பொட்டுப் பனிகூட இல்லியா?"

"இல்ல மாமி."

நாகலெட்சுமி முந்தானையால் முதலில் மருமகளின் முகத்தைத் துடைத்தார், பிறகு தன் முகத்தை.

"அழாத. போய்க் கருவாட்ட ஊறப்போடு" என்றார். "ஊருக்கு வாடான்னா, கூரை போடாம வரமாட்டேங்குறான். நான் வேற என்ன செய்ய? அங்க பனி விழவே கூடாதுன்னுதான் ஆத்தாகிட்ட விரதம் இருந்தேன்."