சாக்கு தொங்கும் சன்னல்

“கெரகணம் பட்டா வயித்துப் புள்ளைக்கு என்ன ஆகும்னு ஒன் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?” என்று மதினி பூவாயி ஒருநாள் என்னிடம் கேட்டாள். அவளுடைய முதல் பிள்ளை செத்துப் பிறந்திருந்த நேரம் அது.

இப்போது அவளுக்கு மறுபடியும் ஏழு மாதம். சூரியனில் பாதி மறைந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி இருட்டறையில் இருக்க வேண்டிய நேரத்தில், கங்காணி அவளை லயத்து அறையிலிருந்து இழுத்து வந்து, கொழுந்து பறிக்கும் பெண்களான எங்கள் வரிசையின் நடுவில் நிறுத்தியிருக்கிறான். கிரகணத்தைப் பார்த்து நாங்கள் பயப்படுவதைத் துரை படம் பிடிக்க வேண்டுமாம். முக்காலியின் மேல் பெட்டி நிற்கிறது. துரையின் தலை கறுப்புத் துணிக்குள் இருக்கிறது. வெயில் மங்கி, நமுனுகுலை மலை சாம்பல் நிறமாகிறது. முருக்கமர இலைகளின் ஊடே விழும் வெளிச்சப் பொட்டுகளெல்லாம் பிறை வடிவாகி, மதினியின் வயிற்றில் அரிவாள் அரிவாளாக ஊர்கின்றன. “அண்ணாந்து பாருங்கடி! அசைஞ்சவளுக்கு இன்னைக்குக் கணக்குல பேரும் கெடையாது, கூலியும் கெடையாது!” என்று கங்காணி கத்துகிறான். “ஒங்க வீட்டம்மாவும் முழுகாமத்தான இருக்காங்க? அவுங்கள எங்க காணோம்?” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் ஒச்சாயி. “வாய மூடுடி!” எதிரே அவன் வீட்டுச் சன்னல்களிலும் வாசலிலும் வெளிச்சம் புகாமல் சாக்கு தொங்குகிறது. துரை கையை உயர்த்தி, பெட்டியின் கண்ணிலிருந்து மூடியைக் கழற்றுகிறார். எல்லோரும் மூச்சை அடக்குகிறோம். மதினி கம்பளியை வயிற்றோடு இழுத்துப் போர்த்துகிறாள். பெட்டிக்கு முன்னாலேயே நடந்து போய், கங்காணி வீட்டு வாசல் சாக்கை விலக்கி உள்ளே நுழைகிறாள்.