நாலாவது கார்

அரிசி டப்பாவுக்குள் கையை முழங்கை வரை விட்டு அந்தக் காரைப் புதைத்தாள் வல்லி.

உள்ளங்கை நீளம்தான். சிவப்பு நிறம். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு வட்ட விளக்குகள்.

மேலே அரிசியைத் தள்ளி மூடியை அழுத்தினாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள். வேறு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் தேவலை.

கூடத்தில் கணவர் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு முடிந்ததும் பொம்மைக் கார்களைத் துடைத்து வைப்பது அவருடைய பல வருட வழக்கம். எட்டும் கார்வெட், சில வருஷங்களுக்கு ஒருமுறை புது வடிவத்தில் வரும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். வடிவத்துக்கு ஒன்று. எட்டாவதில் தொடங்கி முதலாவது வரை துடைத்துக்கொண்டே போவார்.

டெட்ராய்ட் பக்கத்தில் கார்களுக்குப் பின்விளக்கு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த மனுஷர். எந்தக் காரையும் பின்பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று தன் முகத்தைப் பார்த்தாரா என்பதே வல்லிக்கு இன்றுவரை சந்தேகம்.

மறதியும் அதே வரிசையில்தான் வந்தது. புதிதிலிருந்து பழையதற்கு.

முதலில் எட்டாவது போயிற்று. எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் வைத்த கார். "இது நம்மளுது இல்ல. எவனோ மாத்தி வெச்சிருக்கான்" என்றார். அந்தக் கார் வந்த வருஷம்தான் அவர் ஓய்வு பெற்றார். காரை மறந்த மறுநாள் காலையில் குளித்துச் சட்டை மாட்டி வேலைக்குக் கிளம்பி நின்றார்.

ஏழாவது போனபோது நித்திலா வளர்ந்தது போயிற்று. கல்லூரியிலிருந்து போன் செய்த மகளிடம் ஸ்கூல் பஸ் வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

ஆறாவதோடு நித்திலாவே போய்விட்டாள்.

"யாரு வல்லி அந்தப் பொண்ணு? என்னை அப்பாங்குது."

கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பெண். அன்று வல்லி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐந்தாவது வந்த குளிர்காலத்தில்தான் அவள் கல்யாணமாகி இந்த ஊரில் வந்து இறங்கினாள். நேற்று அவர் அந்தக் காரின் நீள்வட்ட விளக்குகளை விரலால் தடவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுக்கி வைத்தார்.



நாலாவது, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் அவர் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த கார். அந்தச் சுவரிருந்த அறையில் வல்லி கிடையாது. அப்படி ஒருத்தி பிறந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

நாலாவது இல்லாவிட்டால் அங்கே எப்படிப் போவார்? ஐந்திலேயே நின்றுவிடுவார்.

நின்றுவிட மாட்டாரா?

கூடத்தில் ஏதோ விழுந்து உருண்டது. ஓடினாள்.

அவர் தரையில் மண்டியிட்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மெத்தைகளெல்லாம் கீழே கிடந்தன. காணாமல் போனதைத் தேடும் குழந்தையின் முகம். கண்ணில் நீர்.

"இங்க ஒண்ணு இருந்துச்சு. செவப்பு. யாரோ எடுத்துட்டாங்க."

அவளை நிமிர்ந்து பார்த்தார். அவசரமாக எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார், வேற்றுப் பெண் ஒருத்தி வந்து நிற்பதுபோல.

"நீங்க பாத்தீங்களாங்க?"

கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் அவர் அவளை நீங்க என்று சொன்னதில்லை.

காரை ஒளித்து என்ன பயன்? அவர் காரில்லாமலே நாலாவதுக்குப் போய்விட்டார்.

சமையலறைக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்தாள். அரிசி தரையெங்கும் சிதறியது. காரை எடுத்து வந்து கொடுத்தாள். சக்கரத்தில் சிக்கியிருந்த அரிசியை அவர் நகத்தால் நெம்பி எடுத்தார். விளக்குகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். முகம் தெளிந்துவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க."

அவ்வளவுதான். அவளை மறந்துவிட்டார்.

நின்ற இடத்திலேயே நின்றாள். கத்தவேண்டும் போலிருந்தது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. நாலாவதின் காலத்தில் அவளும் இருந்தாள். அதன் கடைசியில், ஒரே ஒரு மாலை.

திருச்சி வீட்டில் இருவரையும் பேசச் சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. காபி டம்ளரின் ஈர அடியை முக்காலியில் நாலு முறை அழுத்தினார். இரண்டு வட்டம், கொஞ்சம் இடைவெளி, இரண்டு வட்டம். எனக்குப் பிடித்த கார் இப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் பெரியப்பா உள்ளே வந்து அவளுக்காகவும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார்.

காபி கலந்தாள். அவசரத்தில் டவராவில் பாதி கொட்டியது. நல்லதாகப் போயிற்று, டம்ளரின் அடி நன்றாக நனைந்தது.

அவர் முன்னால் மேஜைமேல் அழுத்தினாள்.

இரண்டு வட்டம். கொஞ்சம் இடைவெளி. மூன்றாவது கோணலாக விழுந்தது. நாலாவது.

அவர் துடைப்பதை நிறுத்தினார். மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டங்கள் ஓரத்தில் காய ஆரம்பித்தன.

மெல்லத் தலை நிமிர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"உங்களுக்குச் சம்மதமாங்க?"

அதே கேள்வி. அதே கூச்சம்.

  பதில் சொல்ல இன்று பெரியப்பா வரப்போவதில்லை.

அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு சிவப்புக் காரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மூன்றாவதை எடுக்கக் கையை நீட்டினார்.

வல்லி அந்தக் கையைப் பிடித்தாள்.

"சொல்றேன். இருங்க."