ஒரே ஒரு நம்பருக்குத் தடை

“யாரைக் கேட்டுடா என் நம்பரை பிளாக் பண்ணி வெச்சே?”

கார்களுக்குக் கேமராவும் ஸ்பீக்கரும் மாட்டும் கடைக்குள் புயலாக நுழைந்தாள் அவள். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, அக்காவின் குரல் கேட்டுப் பதறி நிமிர்ந்ததில் தலையை இடித்துக்கொண்டான்.

“உன் மாமா கார்ல ஏதோ ஒரு பெட்டியை மாட்டினியே. நான் கூப்பிட்டா ‘வண்டி ஓட்டுகிறார், பிறகு அழைப்பார்’னு மெசேஜ் வருது. சரி, எல்லாருக்கும் அப்படித்தான்போலன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு என் பக்கத்துலேயே உட்கார்ந்து மாமியார் கூப்பிடறாங்க, ஜம்முனு மணி அடிக்குது!”

“மத்த நம்பருக்கு அடிக்கும்க்கா. மாமா ஓரமா நிறுத்திட்டு எடுப்பார்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன்?”

தம்பி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

“தூங்கி வழிஞ்சு வண்டியை மரத்துல விட்ட மனுஷன்! பின்சீட்டுல அசந்து தூங்கின எங்க பொண்ணு இன்னிக்கும் விந்தி விந்தி நடக்கிறா. அதை வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழறேன்ல, அதுக்குப் பழி வாங்கறாரா?”

“போதும்க்கா!” அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான். “உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கியிருக்கார்.”

“என்னத்தை?”

“‘யார் கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தற வரைக்கும் எனக்குப் பொறுமை இருக்குடா. உங்க அக்கா பேரைப் பார்த்தா மட்டும் கை தானா போனுக்குப் போயிடுது. அன்னிக்கும் அப்படித்தான் போச்சு’ன்னார்.”

அவள் ஓரத்தில் கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அவள் கூப்பிட்டது உண்மைதான். மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனது. ஏன் எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டபோது, தலையில் கட்டோடு படுத்திருந்தவர், “கண் அசந்துட்டேன்” என்றார். அதைத்தான் இத்தனை வருஷமாக அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

எதற்காகக் கூப்பிட்டாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது தம்பி கேட்டான்.

“அப்படி என்னக்கா அவசரம் அன்னிக்கு?”

அவள் நிமிரவே இல்லை.

“சமையலறையில பல்பு ஃபியூஸ் போயிடுச்சு. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு...”