அறுபத்திரண்டு பாட்டு நோட்டு

விஜயநகர் வீட்டில் மூன்று மணி வெயில் லேப்டாப்பில் விழாதபடி, கேரல் ஜன்னலை மறைத்துப் போர்வையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மகள் ஜேனுக்கு ஸ்காட்லாந்து நர்ஸ் வேலைக்கான நேர்காணல் நடக்கிறது. அந்த ஊர் ஆங்கிலம் பிடிபட, அங்குள்ள ஒரு பாட்டுக்குழுவின் அறுபத்திரண்டு பாட்டுகளையும் கேட்டுக் கேட்டுத் தமிழெழுத்தில் எழுதிய நோட்டு ஜேன் மடியில் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘வீ’க்கு முதலில் ‘நாம்’ என்று பொருள் எழுதியிருந்தாள். அந்த ஊர்ப் பேச்சில் அது ‘சின்ன’ என்று பின்னால்தான் விளங்கி, அத்தனையையும் அடித்துத் திருத்தினாள். திரையிலிருக்கும் நரைத்தலைப் பெண்மணி கடகடவென்று எதையோ சொல்லி நிறுத்துகிறாள். “ஏனந்த்ரு? என்ன சொன்னாங்க?” என்று கன்னடமும் தமிழுமாகக் கிசுகிசுக்கும் கேரல், வலிக்கும் கையை மாற்றிப் போர்வையைப் பிடிக்கிறாள். “சின்னக் கேள்வி ஒண்ணு பாக்கியாம், மம்மி.” ஜேன் திரையைப் பார்த்து, அம்மாவுக்குக் கை வலிக்கிறது, ஒரு ‘வீ’ நிமிஷம் தருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். பெண்மணி வாய்விட்டுச் சிரிக்கிறாள். போர்வை சரிகிறது, வெயில் திரையெல்லாம் பரவுகிறது.