மீந்த சீட்டு

காலை பத்து மணிக்கு, ஜன்னல் இல்லாத பிரசவ அறையில் விளக்கு அணைந்தது.

மருத்துவச்சி நாந்தெனின் நிமிர்ந்து பார்த்தாள். பிரெஞ்சு டாக்டர் மேசைமேல் ஏறி நின்று, கைக்குட்டையால் பிடித்துப் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இருட்டில் சிரா முனகினாள். போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள்.

பல்பு போகட்டும். ரத்தத்தை நிறுத்தும் ஊசிமருந்து டாக்டரின் காரில் ஏறிவிட்டது. காரில் ஏறாத மாத்திரைகள் முற்றத்தில் எரிந்துகொண்டிருந்தன.

எட்டு நாளைக்கு முன்பு, பிரான்சின் ஆட்சியில் இருந்த கினி நாடு முழுக்க ஓட்டுப் போட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு. பிரான்சோடு இருக்க வெள்ளை, விடுதலைக்கு ஊதா. ஒன்று பெட்டிக்குள். மீந்ததைக் கிழித்து எறிந்தார்கள். அன்று சந்தைத் தெரு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

அதற்குத்தான் பிரெஞ்சுக்காரர்கள் இப்படி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

"கிணத்த மட்டும் விட்டுட்டான்க்கா," என்றான் கம்பவுண்டர் ஃபோதே. "கார்ல ஏறாதுல்ல."

நாந்தெனின் டாக்டரின் பின்னால் ஓடினாள்.

"ஐயா, ஒரே ஒரு பெட்டி. உள்ள படுத்திருக்கிறவளுக்கு."

"எங்களோட எதுவும் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? பதினோரு வருஷம் உனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தேன். நீயும்தானே சொன்னே?"

"பின்னே?" என்று வராந்தாவிலிருந்து கத்தினான் ஃபோதே. "எங்க அக்கா சொல்லாமலா!"

வராந்தா முழுக்கக் கைதட்டியது.

நாந்தெனினின் கை அங்கிப் பைக்குள் போனது.

டாக்டர் காரைக் கிளப்பினார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்தது. அவ்வளவு பாரம். மூன்றாம் முறை இன்னும் ஆழமாகப் புதைந்தது.

கண்ணாடியை இறக்கினார். "நாந்தெனின், நாலு பேரைத் தள்ளச் சொல்லு."

யாரும் அசையவில்லை. உள்ளே சிரா அலறினாள்.

பைக்குள் விரல்கள் கசங்கிய காகிதத்தைப் பிடித்திருந்தன. எட்டு நாளாக யாருக்கும் காட்டாத மீதிச் சீட்டு.

ஊதா.

அந்த ஊசிகளை நினைத்துத்தான் வெள்ளையைப் பெட்டிக்குள் போட்டிருந்தாள்.

சேற்றில் இறங்கி நடந்தாள். காரின் பின்னால் போகவில்லை. முன்னால் போய் நின்றாள்.

"ஊசிப் பெட்டிய எறக்கி வையி. தள்றதப் பத்தி அப்புறம் பேசலாம்."