செல்லக்கிளி ஆயாவின் கையுறை

ஜெசிந்தா வார்டு உதவியாளராகச் சேர்ந்து மூன்றே நாள். ஆனால் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எல்லாம் அந்தக் கையுறையின் உபயம். போன வருஷம் இறந்துபோன செல்லக்கிளி ஆயாவின் முப்பது வருஷக் கைவேலை அதற்குள் இருந்தது. மாட்டிக்கொண்டால் போதும், கை தானாகவே வேலை செய்யும்.

“டாக்டருக்கு முன்னாடியே ஆயா கைக்கு எல்லாம் தெரிஞ்சிரும்டி,” என்று நர்ஸ் மரகதம் முதல் நாளே பெருமையடித்திருந்தாள்.

காலை பத்து மணி. லாரி டிரைவர் துரைக்கண்ணுவுக்கு நாளை டிஸ்சார்ஜ். துடைத்து, பவுடர் போட்டு முடித்ததும் கையுறை தட்டிலிருந்த துணிச்சுருளை எடுத்து ஒரு நாடா கிழித்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டப்போகிறது என்று ஜெசிந்தா நினைத்தாள். அது நேராகக் காலுக்குப் போய், கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துவைத்து முடிச்சுப் போட்டது.

பிணத்துக்குப் போடுகிற கட்டு.

“என்ன தங்கச்சி, சொல்லாம ஓடிருவேன்னு கட்டிப்போடுறியா?” துரைக்கண்ணு சிரித்தார்.

ஜெசிந்தா கையுறையை உருவித் தட்டில் போட்டாள். வெறுங்கையால் முடிச்சை அவிழ்த்தாள். “மரகதக்கா, டாக்டரக் கூப்பிடுங்க!”

மரகதம் ஓடிவந்து கட்டிலருகே நாடித்துடிப்பு காட்டும் திரையைப் பார்த்தாள். “எல்லாம் நார்மல்தான். எதுக்குடி கத்துற?”

“அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே?”

“குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். காலு மட்டும் கொஞ்சம் சில்லுனு இருக்கு.”

ஜெசிந்தா அவருடைய இரண்டு பாதங்களையும் கைக்குள் பொத்தித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் தட்டில், ஆளில்லாத கையுறை தாடையைக் கட்ட இரண்டாவது நாடாவை நிதானமாகக் கிழித்துக்கொண்டிருந்தது.