சுடிதார்ப் பை

பஸ் சின்னமனூருக்குள் நுழைந்து குலுங்கியபோது மலையம்மாளின் தொடையில் மறுபடியும் அந்தக் கனம் இடித்தது.

பக்கத்தில் இவாஞ்சலின் உட்கார்ந்திருந்தாள். ஊதா சுடிதார், எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடை. பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் போலிருப்பாள். அவள் போலீஸ் என்பதும், சுடிதார்ப் பைக்குள் ஒரு சின்னத் துப்பாக்கி இருப்பதும் அந்த பஸ்ஸில் மலையம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நினைப்பே பெருமையாக இருந்தது. ஓடைப்பட்டியில் கூலிக்குத் திராட்சை வெட்டுகிறவளுக்கு அரசாங்கம் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறது.

கண்மாயில் திருட்டு மண் அள்ளுவதைப் பற்றி மனுக் கொடுத்த சுருளியாண்டி மேல் டிப்பர் லாரி ஏறியது. விபத்து என்றார்கள். ஏறிய லாரி பின்னுக்கு வந்து இரண்டாவது தடவையும் ஏறியதைத் தோட்டத்து வேலியோரம் நின்ற மலையம்மாள் பார்த்திருந்தாள்.

அதைத் தேனி நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய நாள் இன்று. கூட்டிப்போக வேண்டிய ஜீப் வழியில் பழுதாகி நின்றுவிட்டதால் பஸ் ஏறியிருந்தார்கள்.

இவாஞ்சலின் வந்து பதினோரு நாள் ஆகிறது. தெருவில் தங்கச்சி மகள் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கியின் வாயை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துச் சரிபார்ப்பாள். விசையை முழுக்க மூடுகிற தோல் உறைக்குள் அதைச் செருகி, உறையோடு பைக்குள் இறக்குவாள். அந்தப் பையை இரட்டைத் துணி வைத்து அவளே தைத்திருந்தாள்.

முதல் நாள் மலையம்மாள் ஆசையாக ஒரு கை நிலக்கடலையை அந்தப் பைக்குள் போடப் போனாள். இவாஞ்சலின் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குள்ள சாவி, சில்லறை, கைக்குட்டை எதுவும் கூடாது பெரியம்மா. விசையில எதுவும் மாட்டிறக் கூடாதுல்ல."

சின்னமனூரில் மூன்று பேர் ஏறினார்கள். முன்னால் வந்தவனை மலையம்மாள் பார்த்திருக்கிறாள். டிப்பர் முதலாளியோடு கூடவே திரிகிறவன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான். மேல் கம்பியைப் பிடித்தபடி குனிந்தான்.

"வீரபாண்டியில இறங்கிருங்க ஆத்தா. இந்த வெயில்ல தேனி வரைக்கும் எதுக்கு அலையிறீக?"

குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன் சட்டைக்குள் கையை விட்டிருந்தான்.

எடு தாயி, எடுத்துக் காட்டு என்று மலையம்மாள் மனசுக்குள் சொன்னாள்.

இவாஞ்சலினின் கை பைக்குப் போகவில்லை.

படிக்கட்டு வரை ஆட்கள். முன் இருக்கையில் ஒரு கைக்குழந்தை, அம்மாவின் தோளில் தலை வைத்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். பை இருந்த பக்கத்தை இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மலையம்மாளை முழுக்க மறைத்து நின்றாள். அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"நான் டூட்டியில இருக்கேன். இவுக சாட்சி சொல்லத்தான் போறாக," என்றாள். "நீங்க இறங்கிக்கோங்க."

கம்பியைப் பிடித்திருந்த அவன் கை கீழே இறங்கியது. திரும்பி, பின்னால் நின்றவனின் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினான்.

வீரபாண்டியில் மூன்று பேரும் இறங்கிப் போனார்கள்.

அதன் பிறகுதான் இவாஞ்சலின் போனை எடுத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னாள். முன்னால் நின்றவனின் பெயர் கிங்ஸ்லி என்று அவள் சொன்னது மலையம்மாளுக்குக் கேட்டது. தேனி வரும்வரை அவள் உட்காரவே இல்லை.

நீதிமன்றத்தில் மலையம்மாள் ஒன்றரை மணி நேரம் கூண்டில் நின்றாள். அவ்வளவு தூரத்தில் இருந்து கண் தெரிந்ததா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கொத்துக்குள் ஒற்றைப் பழம் வெடித்திருந்தாலும் தெரிகிற கண் இது என்றாள். லாரி முன்னுக்கு வந்ததையும் பின்னுக்கு வந்ததையும் கூண்டின் கட்டை மேல் கையை நகர்த்திக் காட்டினாள். சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

வெளியே வரும்போது அவள் நடையே வேறாக இருந்தது.

திரும்பிப் போக வேறொரு ஜீப் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேப்பமர நிழலில் நின்றபோது மலையம்மாள் கேட்டாள்.

"துப்பாக்கியக் காட்டாமலே எப்பிடித் தாயி அவன இறக்கிவிட்ட?"

இவாஞ்சலின் பதில் சொல்வதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"சொல்லும்மா... ஆமா, அண்ணனப் பார்த்தேன். பஸ்ஸுலதான். இல்ல, மேல கை வைக்கல. பேர ஸ்டேஷன்ல சொல்லிட்டேன்... சாட்சி முடிஞ்சுதும்மா. நல்லாச் சொன்னாக."

"யாரு தாயி அண்ணன்?" என்றாள் மலையம்மாள்.

இவாஞ்சலின் போனைத் தோள்பையில் போட்டு மூடினாள். முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை.

"இந்த டூட்டி போட்டப்பவே அதிகாரிககிட்ட எழுதிக் கொடுத்தேன் பெரியம்மா, எதிர்த்தரப்பு ஆளுகள்ல எங்க அண்ணன் கிங்ஸ்லியும் ஒருத்தருன்னு. போறதும் போகாததும் உன் இஷ்டம்னாக. வீட்டுக்குப் போயி அம்மாகிட்டக் கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"நீயே போ, உன்னத் தாண்டி அவன் ஒரு எட்டு வைக்க மாட்டான்னாக."